எலிட்சாவுக்கு நான்கு பூக்கள்

பின்னிருக்கையில் யாரும் இல்லை. ஆனாலும் பெல்ட் போடவில்லை என்று கார் பீப் பீப்பென்று கத்திக்கொண்டே இருந்தது.

கலோயன் திரும்பிப் பார்த்தான். பழைய தோல் இருக்கையின் ஓரத்தில் சிவப்புப் பூக்களைச் சுற்றிய ஒரு காகிதப் பொட்டலம். அதற்கா இவ்வளவு கனம்? பதினொரு வருடமாக ரோடோப் மலைகளில் பயணிகளைத் தன் காரில் தனியாகச் சுற்றிக் காட்டுகிறவன் அவன். இன்று வந்திருப்பவர் ஒரே ஒரு கிழவர். வெலிச்கோ என்று பெயர், ரூசே நகரத்துக்காரர். மடாலயத்தில் இறங்கவில்லை. கல்பாலத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கிழவர் முன்னிருக்கையிலிருந்து கையைப் பின்னால் நீட்டி, காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். கத்தல் நின்றது.

"அவளுக்கு பெல்ட் போடற பழக்கமே கெடையாது தம்பி. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"யாருக்குங்க ஐயா?"

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதை ஏற ஏற மூடுபனி இறங்கி வந்தது. பைன் பிசினும் அடுப்புப் புகையும் கலந்து வீசிய காற்றில், எங்கிருந்தென்று தெரியாமல், பல காலம் வெயில் காணாத ஈரக் கல்லின் வாடை காருக்குள் மெல்லப் பரவ, ஒவ்வொரு வளைவிலும் பின்னால் யாரோ சாய்ந்து நிமிர்வதுபோல பெல்ட் துணி இருக்கையில் சரசரவென்று உரசியது.

மதியம் ஒரு கிராமத்தில் சூப்பு சாப்பிட காரை நிறுத்தினான். கடை வாசல் கம்பத்தில், செத்தவர்கள் நினைவாக அந்தப் பக்கத்தில் ஒட்டும் இரங்கல் தாள்கள். அவற்றில் ஒன்று புதிது. பசை இன்னும் காயவில்லை. 'நீயின்றி மூன்று வருடம்.' கீழே சிரிக்கும் பெண்ணின் படம். எலிட்சா வெலிச்கோவா, இருபத்தாறு வயது. 'மறவாத அப்பா.'

அந்த முகம் அவனுக்குத் தெரியும்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? சூப்பு ஆறுது." உள்ளே ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த கிழவரின் நகங்களில் வெள்ளைப் பசை.

"ஐயா... நீங்க அவங்களோட..."

"உக்காரு. அவ செத்த அந்தக் குகைக்குக் கூட்டிட்டுப் போனது நீதான்னு தெரியும். 'சொல்பேச்சு கேக்காம அவளே எறங்கினா, நான் மேலயே நின்னேன்'னு போலீஸ்ல சொன்னியாம். சரி, என் பொண்ணு பிடிவாதக்காரிதான். எனக்கு முட்டி மடங்கல. நீ எறங்கி அங்க பூ வெச்சுட்டு வந்துடு. அது போதும் எனக்கு."

மறுத்தால் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கலோயன் காரை எடுத்தான். பின் ஜன்னல் கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. வாய் உயரத்தில்.

குகையின் கம்பிக் கதவுக்கு எப்படியோ கிழவர் சாவி வைத்திருந்தார். உள்ளே செங்குத்தாக இறங்கும் இரும்பு ஏணி. அடியில் இருட்டோடு இருட்டாக நிலத்தடி ஆற்றின் இரைச்சல். அன்றும் இதே இரைச்சல்தான். வெள்ளம் வருகிறது, போகாதே என்று குகைக் காவல்காரர் தடுத்தும் அவன்தான் அவளை இறக்கினான். தண்ணீர் பொங்கியபோது இருவருமே ஏணியில் இருந்தார்கள். கீழே இருந்தவள் அவன் கணுக்காலைப் பிடித்தாள். "கலோயன், கொஞ்சம் நில்லு." அவன் உதறினான். பிறகு, படியைப் பற்றிய அந்த விரல்களை மிதித்தான். இரண்டு தடவை. அந்த முறியும் சத்தம் ஆற்றையும் மீறிக் கேட்டது.

இப்போது அவன் நான்கு படி இறங்கியதும் கிழவர் மேலிருந்து பொட்டலத்தை நீட்டினார்.

"நாலு பூ இருக்கே ஐயா?"

"செத்தவங்களுக்கு இரட்டைப்படைதானே வைக்கணும்?"

"ரெண்டு போதுமே."

"ஆமா. ஒருத்தருக்கு ரெண்டு போதும்."

மேலே கதவு அறைந்து மூடியது. சாவி திரும்பியது.

அவன் தாவி ஏறிக் கம்பிகளைப் பிடித்து உலுக்கினான். பூக்கள் கீழே போயின. விழுந்த ஓசை கேட்டது. ஆற்றின் இரைச்சலில் அது கேட்டிருக்கவே கூடாது. ஆறு நின்றுவிட்டது. ஒரு துளி சத்தம் இல்லை.

பிறகு, ஆழத்தில், டங்.

ஏணி அதிர்ந்தது.

டங்.

"ஐயா! தொறங்க! நான்தான்! நான்தான் மிதிச்சேன்!"

"தெரியும். அவதான் சொன்னா."

ஈரக் கல்லின் வாடை. டங். இன்னும் பக்கத்தில். டங்.

கிழவர் கம்பிகளுக்கு இடையில் முகத்தைப் பதித்து, அவனைத் தாண்டிக் கீழே பார்த்தார். குரல் குழைந்தது.

"மெதுவா ஏறி வாடா கண்ணு. அவன் எங்கயும் போக மாட்டான்."

கலோயன் குனிந்து பார்த்தான். அவன் காலணிக்கு அடுத்த படியில், நீரில் ஊறி வெளுத்த ஒரு கை. நான்கு விரல்களும் புறங்கைப் பக்கமாக மடிந்திருந்தன. அவை நிமிரவில்லை. மடிந்தபடியே நகர்ந்து வந்து, அவன் கணுக்காலைத் தடவித் தேடின.