மைமூனின் அலமாரி

தட்டில் இருந்த வெள்ளைத் துண்டு அசைந்தது.

உஷாராணி முதலில் லோரியைத்தான் குற்றம் சொன்னாள். மேருவின் தொழிற்பேட்டைச் சாலையில் கன்டெய்னர் லோரி திரும்பும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தின் தரை லேசாக நடுங்கும். மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். இப்போது குப்பிகள் சத்தமில்லாமல் நின்றன. வெள்ளிக்கிழமை மதியம், ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், கூட வேலை செய்யும் மைமூன் விடுப்பு. சன்னலுக்கு வெளியே மழை மேகம் இறங்கி, ஒன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. அறையில் சோப்பு வாடையும் அதற்கடியில் ஈர இரும்பைப் போன்ற இன்னொரு வாடையும் தங்கியிருந்தன.

அந்தத் துண்டு அசைய வழியே இல்லை. விலங்கின் இதயத்தை நாள்கணக்கில் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவினால் அதிலுள்ள உயிரணுக்கள் எல்லாம் வெளியேறிவிடும். ரத்தமும் நிறமும் போய், நுங்குபோல வெளுத்த நார்க்கூடு மட்டும் மிஞ்சும். அதை உலர்த்தி, மாவாக அரைத்து, கூழாக்கி, அச்சு இயந்திரத்தின் ஊசி வழியே வரிவரியாகப் பிழிவாள் உஷா. பழுதான மனித இதயத்துக்கு ஒட்டுப்போட ஒருநாள் உதவும் என்ற நம்பிக்கையில் செய்கிற துண்டு. புது உயிரணுக்களை அதில் விதைப்பது பிறகுதான். இதில் இன்னும் எதையும் விதைக்கவில்லை.

மறுபடி அசைந்தது.

இயந்திரத்தை நிறுத்தினாள். குளிரூட்டும் ஏர்கானையும் நிறுத்தினாள். அமைதியில் குனிந்து பார்த்தாள். வேகமாக இரண்டு துடிப்பு. ஓர் இடைவெளி. பிறகு கனமாக ஒன்று.

அவள் கை தானாகத் தன் கன்னத்தைத் தொட்டது. பதினோரு வருடம் அந்தக் கன்னத்தின் கீழே கேட்ட துடிப்பு அது. அவள் கணவன் சபாபதி பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தான். அவன் நெஞ்சில் அவள் தலை சாய்த்தால் துடிப்பு சற்று வேகமெடுக்கும், பிறகு ஒன்றைத் தவறவிடும். "என் ரயிலு எப்பவும் ஒரு ஸ்டேஷன்ல நிக்காதுடி" என்று சிரிப்பான். போன மார்ச்சில் அது அவனையும் கொண்டு எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் போய்விட்டது.

கூழ் எடுத்த குப்பியைத் தேடினாள். பதினேழாம் எண். நீல டேப்.

நீலம் மாடு, சிவப்பு பன்றி. ஆறு வருடத்துக்கு முன்பு அவளும் மைமூனும் சேர்ந்து போட்ட ஏற்பாடு. மைமூன் பன்றியைத் தொடமாட்டாள். உஷா மாட்டைத் தொடமாட்டாள். கழுவுவதும் அலமாரியில் வைத்துக் காப்பதும் அவரவர் பங்கு. "மாவாயிட்டா மாடும் இல்ல, பன்னியும் இல்ல, எல்லாம் வெறும் மாவு லா" என்று மைமூன் கேலி பண்ணுவாள். அதனால் அரைப்பதும் அச்சிடுவதும் பொது. ஆனால் ஒருத்தியின் குளிர் அலமாரியை மற்றவள் ஒருநாளும் திறந்ததில்லை. அந்த மரியாதையில்தான் அவர்கள் நட்பே வேர்பிடித்தது.

போனை எடுத்தாள். நான்காவது மணியில் மைமூன் பேசினாள்.

"என்ன உஷா, லீவு நாள்ல கூட விடமாட்டியா?"

"பதினேழு எங்கேர்ந்து வந்தது மைமூன்?"

எதிர்முனையில் யாரோ தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு கதவு மூடப்பட்டு அதுவும் நின்றது.

"எந்தப் பதினேழு?"

"நீலம். நாலு மாசமா நான் அச்சடிக்கிறது."

"மாடு லா. வேற என்ன?" குரலைத் தாழ்த்தினாள். "நீ அலமாரியத் தொறந்துடாதே, என்ன. நீதான் தொடமாட்டியே."

அந்தக் குரலில் இருந்த கரிசனம் உஷாவுக்குப் பழகியது. சபாபதி இறந்த அன்று இதே கரிசனத்தோடுதான் மைமூன் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் தானப் படிவத்தை நீட்டினாள். "கண்ணு மட்டும்தான் உஷா, ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்." உஷா சொன்னாள்: கண் எடுத்துக்கட்டும், நெஞ்சைத் தொடக்கூடாது, அது என்னோடது, அப்படியே எரியணும். மைமூன் தலையாட்டினாள்; படிவத்தை அவளே நிரப்பினாள். வீட்டில் அவன் உடலைக் குளிப்பாட்டும்போது மார்பில் நீளமான தையலைப் பார்த்து உஷா அலறியபோது, மைமூன்தான் அணைத்துக்கொண்டாள். "போஸ்ட்மார்ட்டம்டா. எல்லாருக்கும் போடுறதுதான்." பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவளே போட்டுவிட்டாள். கழுத்துவரை.

சாம்பலை போர்ட் கிள்ளான் கடலில் கரைத்தபோதும் கூடவே நின்றாள்.

போனை மேசையில் வைத்தாள். உள்ளே மைமூனின் குரல் சின்னதாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உஷா... உஷா...

நீலக் கதவின் கைப்பிடி குளிர்ந்திருந்தது. இழுத்தாள்.

கீழ் அடுக்குகளில் வரிசையாக, நாலு மாதமாக அவள் அச்சிட்ட துண்டுகளின் தட்டுகள். ஒவ்வொன்றின் மூடியிலும் அவளுடைய சொந்தக் கையெழுத்து. மேலே தனியாக ஒரு பெரிய குப்பி. தண்ணீருக்குள் பாதி வெட்டிய இதயம், வெளுத்து. நீல டேப்பில் மைமூனின் உருண்டையான எழுத்து: பதினேழு. மாடு. அதன் கீழே தேதி.

அவன் இறந்த தேதி.

"உஷா, கேளு." போனில் மைமூன் அழுதுகொண்டிருந்தாள். "மனுஷ இதயம் கேட்டா யார் வீட்டுலயும் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அத நெருப்புக்கா குடுக்கிறது? நாலு மாசமா உன் கையாலதான அரைச்ச. அவரு உன்கிட்டதான இருந்தாரு..."

உஷா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளை மாவு.

இடி. விளக்கு அணைந்தது. அலமாரியின் இரைச்சலும் நின்றது. போன் வெளிச்சம் மட்டும்.

அப்போது கேட்டது. எல்லாத் தட்டுகளிலிருந்தும். ஒரே சமயத்தில். வேகமாக இரண்டு.

இடைவெளி.

கனமாக ஒன்று.

ஓடச் சொன்னது மனம். உடம்பு கேட்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம். தலை தானாகச் சாய்ந்தது. கன்னம் பெரிய குப்பியின் கண்ணாடியைத் தொட்டது.

துடிப்பு வேகமெடுத்தது.

வெளுத்த சதையில், அவள் கன்னத்துக்கு நேரே, ஒரு செம்புள்ளி மெல்லப் பரவத் தொடங்கியது.