பத்துக்கு எத்தனை?

ணங்ங்ங்...!

காலை ஏழு மணி. அடுக்களையில் பாத்திரம் விழுந்த சத்தம் அடங்குமுன் கூடத்திலிருந்து மாமியாரின் தீர்ப்பு வந்துவிட்டது.

"அஞ்சு லிட்டர்! அடி கனமானது! விளிம்பு நசுங்கியிருக்கும், பாரு!"

முப்பது வருஷம் பாத்திரக்கடையில் உட்கார்ந்த காது. தப்புமா? நசுங்கித்தான் இருந்தது. மருமகள் வீங்கிய விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"கை வழுக்கிடுச்சு அத்தை... கொஞ்சம் வலி."

"உனக்குத்தான் ஏழு வருஷமா கொஞ்சம் வலிக்குதே! நேத்து ஃபோன்ல உன் தங்கச்சியோட அப்படிச் சிரிச்சியே, அப்போ வலி எங்க போச்சு? வெளியூரா?"

அந்த வீட்டின் வியாதி அது. யார் எதைச் சொன்னாலும் பாதியாக்கித்தான் காதில் வாங்குவார்கள். கடையில் பேரம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். பசி என்றால் பாதிப் பசி, காய்ச்சல் என்றால் பாதிக் காய்ச்சல். அது தெரிந்து எல்லோரும் விவரமாக இரண்டு மடங்கு ஏற்றியே சொல்வார்கள். மாமனார் ஒரு தும்மல் போட்டால் உயில் எழுதும் பேச்சே கிளம்பிவிடும். வாத்தியார் வீட்டிலிருந்து வந்த இவளுக்கு மட்டும் ஏற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சிரிக்கத்தான் வந்தது. விரல்கள் எரியும்போது சிரித்தால், ஒரு நிமிஷமாவது அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. அதையும் குற்றமாக்கிவிட்டார்களே...!

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். இது வலியா நடிப்பான்னு டாக்டர் வாயாலேயே கேட்டுக்கறேன்!"

கணவன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"வலி பத்துக்கு எத்தனைம்மா?"

"நாலு."

டாக்டர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இப்படி எலும்பு அரிச்ச கையோட வர்றவங்க, கதவைத் திறக்கும்போதே பதினொண்ணுன்னு சொல்லுவாங்க. நீங்க நாலுங்கறீங்க?"

மாமியாரின் முகம் மாறியது. ஏற்றிச் சொல்பவர்களை ஆயிரம் பேர் பார்த்தவள். இறக்கிச் சொல்பவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஏண்டி... உள்ளதைச் சொல்லு."

"நாலுதான் அத்தை."

"ஆறு போடுங்க டாக்டர்!"

"வேணாம் அத்தை... அஞ்சு."

"அஞ்சாவது கிஞ்சாவது! ஏழு! ஏழுக்குக் கீழ ஒரு புள்ளி இறங்க மாட்டேன்!"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"எட்டு...!" வெடித்துவிட்டாள் மருமகள். "எட்டு அத்தை! சில நாள் காலைல ஒன்பது! முதல் வருஷம் எட்டுன்னுதான் சொன்னேன். எல்லாரும் பாதியாக்கினீங்க. நடிக்கிறான்னு பேரு வாங்க வேணாம்னு, நீங்க குறைக்கறதுக்கு முன்னாடி நானே குறைச்சுட்டேன்..."

மாமியார் அவள் கையைப் பிடிக்கப் போனாள். வீக்கத்தைக் கண்டு தயங்கினாள். தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஒரு சத்தத்துல பாத்திரம் நசுங்கினதைக் கண்டுபிடிச்சேனே... ஏழு வருஷமா நீ நசுங்கினது எனக்குக் கேக்கலையேடி...!"

"இது முழுசா போகாதும்மா," என்றார் டாக்டர். "மாத்திரை, வெதுவெதுப்பான தண்ணி, ஓய்வு. கூடவே வச்சுக்கிட்டு வாழப் பழகணும்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். இத்தனை நாள் யாருக்கும் தெரியாம இருந்துச்சு. இனிமே எல்லாருக்கும் தெரிஞ்சு இருக்கட்டும்!"

மறுநாள் காலை கணவனே அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"இன்னிக்கு எத்தனை?"

"ஆறு."

"ஆறா? ஒரு அஞ்சு..." பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"டேய்!" கூடமே அதிர்ந்தது. "அவ சொன்னா சொன்னதுதான்! கரண்டியைப் பிடிடா!"

பிடித்தான். தலைகீழாகத்தான் பிடித்தான், போகட்டும். மருமகள் நாற்காலியில் சாய்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை அமிழ்த்திக்கொண்டு, எதைக் கிளறுவது, எதை இறக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது சொன்னபடியே நடந்தது.