நாலாவது கால்

மூட்டை தூக்கித் தேய்ந்த இடுப்பு உட்கார்ந்தாலும் வலித்தது, நின்றாலும் வலித்தது. அந்த வலியைப் பிடித்துக்கொண்டு அவன் சுவரைப் பார்த்தான். குதிரையின் இடது பின்னங்காலைத்தான் தளர்த்திக் கரியால் வரைந்திருந்தான். டீ குடித்துவிட்டு வந்தால், வலது கால் தளர்ந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் கிடங்குச் சுவரில் ஆளுயரக் குதிரை நின்றாக வேண்டும். நின்றால் போர்டு எழுதும் வேலை அவனுக்கு. இல்லையென்றால் மறுபடி மூட்டைதான், அதுவும் முதலாளி இரக்கப்பட்டால்.

வரையப் பழக்கிய மச்சினன் காலையிலேயே கிண்டலடித்திருந்தான். "நிக்கிற குதிர ஒரு பின்னங்கால ஆறப்போட்டுத்தான் நிக்கும் மாமா. நாலையும் ஊணிட்டீங்கன்னா கட்டில்தான். அக்காவும் நீங்களும் ஏறிப் படுத்துக்கலாம்."

இப்போது சாக்கை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். காலை மாற்றியது அவன் வேலையாகத்தான் இருக்கும். விரலில் கரி இல்லை, கழுவியிருப்பான். ஆனால் சுவரில் அழித்த தடமும் இல்லையே?

பாதி இறக்கிய ஷட்டருக்குள் சாக்கு நெடியும் மண்ணெண்ணெய் வாடையும் புழுங்கிக் கிடக்க, அவற்றுக்கடியில் நனைந்த ரோமத்தின் வீச்சம் ஒன்று மெல்லப் பரவி அவன் பிடரிக்கு வந்து நின்றது. பெயின்ட் கலக்கக் குனிந்தான். முதுகுக்குப் பின்னால், பெரிய பாரம் ஒன்று கால் மாற்றும் சத்தம்.

நிமிர்ந்தான். மறுபடி இடது கால்.

குறட்டை அப்படியே இருந்தது. நடிக்கிறான். என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறான்.

ஈரத்துணியால் அந்தக் காலைத் தொடையோடு துடைத்தெறிந்தான். "கால் வேணுமா? அந்தா படுத்திருக்கான் பாரு, அவன்கிட்டயே வாங்கிக்க!" என்று குதிரையிடம் சீறினான்.

துணியை வாளியில் அலசினான்.

டக். டக். டக்.

குறட்டை நின்றது.

அவன் திரும்பவில்லை. வாளித் தண்ணீர் நடுங்கியது. மூச்சு. பெரிய மூச்சு. சூடு.

திரும்பி நடந்தது. டக். டக். டக். பிறகு, வெறும் பாதம் தரையில் படியும் ஒலி.

வெகுநேரம் கழித்துத் தலையைத் திருப்பினான். குதிரை சுவரில்தான் இருந்தது. நாலு கால். ஆறப்போட்டிருந்த காலில் குதிகால் இருந்தது. ஐந்து விரல்கள் இருந்தன. கட்டைவிரல் மெல்ல மடங்கியது.

சாக்கின் மேல் மச்சினன் கண் விழித்துக் கிடந்தான். ஒரு பக்கம் லுங்கி தரையோடு படிந்திருந்தது. ரத்தம் இல்லை. கரித்தூள் மட்டும்.

"மாமா... என் கால எங்க வச்சீங்க?"

மச்சினனுக்கு அவன் ஒரு கால் தர வேண்டியிருந்தது.