நொதிக்கும் தொட்டி

மூன்றாம் தொட்டியின் அடிக்கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. எத்தனால் ஆலையில் நொதித்தல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அதைக் கவனித்தபோது, அந்தக் கதவின் போல்ட்டுகளை அவரே முடுக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே ஈஸ்ட் ஊற்றியாகிவிட்டது; தண்ணீர் கலந்த கரும்புக் கழிவுப்பாகு குழாய் வழியாகக் களகளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இரும்பும் எரிந்த சர்க்கரையும் கலந்த அந்த வாடை தொண்டையில் பிசுபிசுத்தது.

செருப்பு அவர் மனைவியின் தம்பியுடையது.

தொட்டியைக் கழுவ அவனைக் காலையில் உள்ளே அனுப்பியவரும் அவர்தான். ஆள் இறங்கும் முன் காற்றாடியை ஓடவிட்டு, அடியில் தேங்கிய மூச்சடைக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்; அவர் அதைச் செய்யவில்லை. "சட்டுனு முடிச்சிட்டு வந்துடுடா, மேனேஜர் கத்திக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது உள்ளே சத்தமில்லை. பயல் சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்தார். எட்டிப் பார்க்கவில்லை.

டொக்.

உள்ளிருந்துதான். அவர் தொட்டியின் இரும்பில் காதை வைத்தார். டொக், டொக். மயங்கிக் கிடந்தவன் பாகு மேலே ஏறவும் விழித்திருக்கிறான். பம்பின் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை அதன்மேல் போய் உட்கார்ந்தது. கதவைத் திறந்தால் ஆலையே கூடும். காற்றாடி ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். விரல் அழுத்தவில்லை.

"என்னய்யா சத்தம்?" என்றார் அந்தப் பக்கமாக வந்த மேனேஜர்.

"பம்புல காத்து பிடிச்சிருக்கு சார். தானா சரியாயிடும்."

மேனேஜர் போன பிறகும் தட்டல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. அந்தச் செருப்பை அவர் காலால் சாக்கடைக்குள் தள்ளிவிட்டார்.

மனைவி போனில் கூப்பிட்டாள். "தம்பி போனே எடுக்க மாட்டேங்கிறான். உங்ககூடத்தான இருக்கான்?"

"அப்பவே கெளம்பிட்டானே."

"அப்ப இந்நேரம் வீட்டுக்கு வந்திருக்கணுமே? காலையில சாப்பாட்டுத் தூக்குச்சட்டியக்கூட இங்கயே வெச்சுட்டுப் போயிருக்கான், பசி தாங்க மாட்டான்."

"வந்துடுவான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஷிஃப்ட் முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மாலைக்குள் தொட்டி பொங்கத் தொடங்கியது. நுரை உடையும் இரைச்சல், மூக்கை அறுக்கும் புளிப்பு, காய்ச்சல்காரன் உடம்பைப்போலச் சுடும் இரும்பு. அப்போது மறுபடியும் கேட்டது.

டொக்.

இப்போது தொட்டிக்குள் இரண்டு ஆள் உயரத்துக்குப் பாகு. சூட்டில் இரும்பு விரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. சற்று நேரத்தில் நான்கு இடங்களில். அப்புறம் எட்டு. ஒன்று தட்டும்போது மற்றவை காத்திருந்தன.

ஏணியில் ஏறினார். மேலே சிறிய பார்வைக் கண்ணாடி. சட்டைக் கையால் துடைத்தார். பழுப்பு நுரை. நுரை விலகியது.

மச்சினன் முகம். வெளுத்து, ஊறி, கண் மூடி.

அவன் கழுத்தோரம் ஒரு கட்டி. கைமுட்டி அளவு. அதற்கு மூக்கு இருந்தது.

ஈஸ்ட்டைத் தினமும் நுண்ணோக்கியில் பார்ப்பவர் அவர். தாய்ச் செல்லின் விலாவில் மொட்டு விடும். உப்பும். பிரியும். பிரிந்ததும் மொட்டு விடும்.

கட்டி கழன்று நுரையில் மிதந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால், தொட்டியின் ஆழம் வரை, அதே முகம். பெரிதும் சிறிதுமாக. எல்லாக் கண்களும் திறந்தன. எல்லா உதடுகளும் ஒரே சொல்லுக்குக் குவிந்தன.

மாமா.

அவரால் ஏணியை விட முடியவில்லை. முகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மேலே வந்தன. முன்னால் வந்தது மிகச் சிறியது. கண் இன்னும் பிளக்கவில்லை, கை இன்னும் முளைக்கவில்லை. அது நெற்றியால் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது.