அலமாரி உச்சியில் ஒரு மேகசின்

நோரா நனைந்த கோட்டோடு வந்து உட்கார்ந்தாள். துப்பறிவாளர் வால்ட் பிரூயிட் கையிலிருந்த கோப்பை மூடி வைத்தார். கான்சாஸின் நவம்பர் மழை ஷெரீப் அலுவலகக் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. துப்பறியும் பிரிவில் வால்ட்டுக்கு உதவியாகச் சேர்ந்து நான்கு மாதமாகியிருந்த க்வென் எழுந்துபோய்க் காபி ஊற்றினாள்.

"அம்மா தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு எழுதிட்டாங்க சார்," என்றாள் நோரா. "அது என்னாலதானான்னு எனக்குத் தெரியணும். அன்னிக்குக் காலைல போன்ல சண்டை. 'துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வரமாட்டேன்'னு சொல்லிட்டு வெச்சுட்டேன். சாயங்காலம் ராய் மாமா போய்ப் பார்த்தா..."

அவள் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

நோராவின் அம்மா ஐரீன், அறுபத்து மூன்று வயது விதவை. பக்கத்து வீட்டில் திருடன் புகுந்த பிறகு முதன்முதலாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினாள். ஐந்தாம் நாள் சமையலறை மேஜையருகே நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தாள். மரண விசாரணை அதிகாரி ஊர்க் குடும்ப டாக்டர்; அந்த வேலை அவருக்குப் பகுதிநேரம்தான். பத்து நிமிஷத்தில் தற்கொலை என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

வால்ட் சம்பவ இடத்தில் எடுத்த படங்களைப் பரப்பினார். ஐரீனின் கையருகே பிஸ்டல். அதில் தோட்டாக்களை அடைத்துச் செருகும் மேகசின் இல்லை. அது பாத்திர அலமாரியின் உச்சியில் கிடந்தது. வெள்ளை மேற்சட்டையில் ரத்தம் இருந்தது, வெடிமருந்து கருகிய தடம் இல்லை.

க்வென் துள்ளினாள். "விபத்து சார்! மேகசினைக் கழட்டிட்டா காலின்னு நினைச்சிருக்காங்க. குழலுக்குள்ள ஒரு தோட்டா தங்கியிருந்தது தெரியல. புதுசா வாங்குறவங்க பண்ற தப்புதானே?"

"இருக்கலாம். அந்தத் தோட்டாவை உள்ள ஏத்தினது யாரு?"

துப்பாக்கிக் கடைக்காரர் ஹாங்க் டர்க்சன் கேள்வியைக் கேட்டதும் எரிந்து விழுந்தார். "முதல் துப்பாக்கிங்கிறது செருப்பு மாதிரிங்க. போட்டுப் பார்த்துத்தான் வாங்கணும். அந்தம்மாவுக்குக் கட்டைவிரல்ல மூட்டுவாதம். நாலு பிஸ்டல் குடுத்தேன், ஒண்ணோட மேல்பாகத்தைக்கூடப் பின்னால இழுக்க முடியல. இழுக்காம தோட்டா உள்ள ஏறாது. இழுக்கவே வேண்டாத ரிவால்வர்தான் உங்களுக்கு சரின்னு எடுத்து வெச்சேன். தம்பிக்காரன் ராய் விட்டாத்தானே! 'அதெல்லாம் கிழவிங்க வெச்சுக்கிறது, வீட்ல நான் ஏத்தித் தரேன்'னான். 'தோட்டா ஏத்தாத பிஸ்டல் வெறும் செங்கல்'னு எனக்கே பாடம் எடுத்தான்."

வெளியே வந்ததும் க்வென் குரலைத் தாழ்த்தினாள். "அப்போ ஏத்தி வெச்சது ராய். ஆனா விசையை இழுத்தது அந்தம்மாவா இருக்கலாமே?"

வால்ட் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் ஐரீனின் சமையலறையில் நோரா உட்கார்ந்திருந்தாள். ராய் குனிந்து நுழைந்தான். ஆறே கால் அடி. நனைந்த தொப்பியைக் கழற்றி, அண்ணாந்துகூடப் பார்க்காமல் அலமாரியின் உச்சியில் வீசினான்.

வால்ட் அதே ரகத்தில் வேறொரு பிஸ்டலைத் திறந்தார். குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். க்வென்னையும் பார்க்கச் சொன்னார். பிறகு காலி மேகசினைச் செருகி ராயிடம் நீட்டினார்.

"இதைக் காலி பண்ணிக் காட்டுங்க, ராய்."

"இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா? என் பொண்ணு பண்ணுவா இதை." ராய் பொத்தானை அழுத்தினான். மேகசின் இடது கையில் விழுந்தது. அந்தக் கை தானாகவே உயர்ந்து அதை அலமாரியின் உச்சியில், தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தது.

கை அங்கேயே நின்றுவிட்டது.

வால்ட் அவன் வலது கையிலிருந்து பிஸ்டலை வாங்கிக்கொண்டார்.

"உங்க அக்கா அஞ்சடி," என்றார் வால்ட் மெதுவாக. "நாற்காலி போட்டு ஏறித்தான் அங்க வைக்கணும். எல்லா நாற்காலியும் மேஜையடியிலதான் இருந்துச்சு. தன்னைத்தானே சுட்டிருந்தா சட்டை கருகியிருக்கும். சுட்டது மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து. இப்பவும் நீங்க மேகசினை மட்டும்தான் கழட்டினீங்க. குழலைப் பார்க்கல."

ராய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். நோரா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒம்போது நாள், மாமா," என்றாள். "நான்தான் கொன்னேன்னு ஒம்போது நாள் அழுதேன். என் தோளைத் தட்டிக்கிட்டே பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"சொல்ல வாய் வரலம்மா."

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

ராய் தரையைப் பார்த்தே பேசினான். "'திங்கக்கிழமை இதைத் திருப்பிக் குடுத்துடலாம்டா, எனக்குப் பேரப்புள்ளையைப் பார்க்கணும்'னா. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. 'பயந்து சாகாதே அக்கா, இங்க பாரு, காலி'ன்னு விசையை இழுத்துட்டேன். அப்புறம் பிஸ்டலை அவ கைக்கிட்ட வெச்சுட்டேன்."

க்வென் கைவிலங்கை எடுத்தாள். நோரா எழுந்து அலமாரியருகே போய், குதிகால் தூக்கி, கையை உயர்த்தினாள். அவளும் அம்மாவின் உயரம்தான். விரல்கள் விளிம்பைத் தொடவில்லை. ஆனாலும் வெகுநேரம் கையைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றாள். அவளாகத் தாழ்த்தும்வரை வால்ட் காத்திருந்தார்.