பச்சைச் சீழ்

மொக்கையனின் காலில் சுற்றியிருந்த கட்டைச் சிசிலி பிரித்தபோது சீழ் நாற்றம் வரவில்லை. கனிந்த பன்னீர் திராட்சையின் வாசம் வந்தது. துணி நீலம் கலந்த பச்சையில் நனைந்திருந்தது.

அது எழுபத்து நாலாம் வருஷத்து ஆடி மாதம். வண்டன்மேட்டு ஏலத்தோட்டம் ஒன்றின் சிறிய ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான் நர்ஸ். களை வெட்டும்போது கத்தி பட்டு மொக்கையனுக்குக் கெண்டைக்காலில் காயம். ஆறு நாள் பென்சிலின் ஊசி போட்டாள். பிறகு ஸ்ட்ரெப்டோமைசின். பிறகு டெட்ராசைக்ளின் மாத்திரை. தகரக் கூரையில் மழை ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையின் புகை ஜன்னல் வழியே படர்ந்து வர, அந்த இனிப்பு வாசம் மட்டும் எதிலும் கரையாமல் கட்டிலைச் சுற்றியே நின்றது.

"வலிக்குதா அண்ணே?"

"இல்ல நர்சம்மா. காலு இருக்குறதே தெரியல."

மறுவாரம், கை கிழிந்து வந்த குருவம்மாளிடமும் அதே வாசம். அடுத்து, வெந்நீர் கொட்டிக்கொண்ட சுருளிவேலிடம். வாரம் ஒருமுறை வரும் டாக்டர், சீழை எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். சிசிலி கத்தரிக்கோல் ஊறும் கிருமிநாசினியிலும் கொஞ்சம் எடுத்து அனுப்பினாள். 

வியாழக்கிழமை காலை மொக்கையன் இறந்துபோனான். அவன் மனைவி அழுததைச் சிசிலி பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே எதுவும் அசையவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை டாக்டர் காகிதத்தோடு வந்தார். நம்மிடம் இருக்கும் எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாது என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், கிருமிநாசினியிலும் அதே கிருமிதான் வளர்ந்திருக்கிறது என்றார்.

அவள் மேஜையைப் பார்த்தாள். புட்டியில் கிருமிநாசினி தெளிவாகத்தான் இருந்தது. அதில்தான் பஞ்சை நனைத்தாள். ஒவ்வொரு புண்ணையும் துடைத்தாள். காலையில். மாலையில். ஒரு வேளை விடாமல்.

வாசலில் பூமாரி நின்றாள். ஐந்து நாளைக்கு முன் சிசிலிதான் அவளுக்குப் பிரசவம் பார்த்தாள். கொடியை அறுத்தாள். தொப்புளைத் துடைத்தாள்.

பூமாரி சேலைத் தலைப்பை விலக்கிக் குழந்தையை நீட்டினாள்.

"பால் குடிக்க மாட்டேங்கான் நர்சம்மா. அழவும் மாட்டேங்கான். ஆனா மேலெல்லாம் என்னமோ பழம் மாதிரி நல்லா மணக்கு."

வயிற்றில் சுற்றிய வெள்ளைத் துணி. நடுவில் பச்சை ஈரம்.

சிசிலியின் விரல்களுக்கிடையே பஞ்சு இருந்தது. எப்போது எடுத்தாள்? தெரியவில்லை.

நனைந்திருந்தது.