எழுதாமல் விட்ட குறிப்பு

அந்தச் சொல் நேற்றுவரை சாம்பல் நிறத்தில் இருந்தது.

அவளுடைய இணையதளத்தில், எழுதிய குறிப்புகளுக்கு இட்டுச்செல்லும் சொற்கள் நீலமாகவும், தலைப்பை மட்டும் வைத்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று விட்டவை சாம்பலாகவும் தெரியும். ஆறு வருடங்களில் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்து முந்நூறு குறிப்புகள் ஆகிவிட்டன: பாசி, மழை வாசனை, அச்சுப்பிழைகள், அக்கா. அக்காவைப் பற்றிய குறிப்பு ஒரே வரி. அதன் கடைசியில் ‘கதவு’. அதை மட்டும் அவள் எழுதவே போவதில்லை. இன்று மதியம், மின்விசிறி கிறீச்சிட, வெயில் குடித்த திரைச்சீலையின் வாடை அறையெங்கும் கனத்துக் கிடக்க, ‘கதவு’ நீலமாக இருந்தது.

அழுத்தினாள். பக்கம் பக்கமாக விரிந்தது. நடுவில்:

‘தங்கச்சி என்னைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். எனக்கு மூச்சிழுப்பு வந்தது. தட்டினேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.’

அக்கா செத்த அன்று, கடைக்குப் போயிருந்தேன் என்றுதான் அம்மாவிடம் இவள் சொல்லியிருந்தாள். யாரும் வருவதற்குள் தாழ்ப்பாளை நீக்கி வைத்ததும் அவள்தான். “நீயாவது மிஞ்சினியே” என்று அன்று கட்டிக்கொண்ட அம்மா, தளத்தில் ஒரு குறிப்பையும் விடாமல் படிப்பவள்.

அழித்தாள். ‘பாசி’க்குள் ‘கதவு’ முளைத்தது. அழித்தாள். ‘மழை வாசனை’யில் முளைத்தது. கடைசியில் தளத்தையே அழித்தாள். முந்நூறும் போயின. திரை வெறும் வெள்ளை.

கைபேசி அடித்தது. அம்மா.

“என்னடி, அக்கா பேச்செடுத்தாலே வாயை மூடிக்குவே. இன்னைக்கு வண்டி வண்டியா எழுதித் தள்ளியிருக்கே?”

“படிச்சிட்டியா?”

“இப்பத்தான் சண்டை வர்ற இடத்துக்கு வந்திருக்கு. ஒரு சீப்புக்கா இப்படி அடிச்சுக்கிட்டீங்க, கழுதைங்களா!” அம்மா சிரித்தாள்.

“மூடிடும்மா. தப்பு நிறைய இருக்கு, திருத்தணும்.”

“நான் எங்க மூடறது? கண்ணுக்கு மருந்து விட்டதுல ஒரு எழுத்தும் தெரியல. நீ அனுப்பின பொண்ணுதான் படிச்சுக் காட்டுது.”

அவள் யாரையும் அனுப்பவில்லை.

“பாவம், மூச்சு வாங்குது அதுக்கு. உக்காரும்மான்னா கேக்கல, நின்னுக்கிட்டே படிக்குது. இரு, மேல படிக்குது.”

கைபேசிக்குள் விசில்போல ஒரு மூச்சு இழுத்தது. ஒரு சொல். மூச்சு. இன்னொரு சொல். மூச்சு.

தாழ்ப்பாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றது.

“அம்மா?”

மூச்சு மட்டும் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக, படித்துக்கொண்டே இருந்தது.